போட்டா ஒத்துக்குமா?

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வந்து சேர்ந்தார், சில வருஷம் இருந்தார், வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். நாங்கள் எல்லோரும் அவரை ‘சிஸ்டம் அக்கா’ என்றுதான் கூப்பிட்டோம். வாட்ச்மேன் மட்டும் ‘சிஸ்டம்’ என்பார். “சிஸ்டம் வந்துட்சா?” என்று அவர் கேட்டால் புது ஆட்கள் குழம்பிப்போவார்கள்.

அக்கா வாயிலிருந்து நான் முதன்முதலில் கேட்ட வார்த்தை ‘தெரியாது.’ சேர்ந்த அன்றைக்கு மேனேஜர் சார் அவரை என் அறைக்குக் கூட்டிவந்து, மூலையில் இருந்த சர்வரைக் காட்டினார். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாம் அதில்தான் சேரும்.

“இதைப் பத்தி எல்லாம் தெரியும் இல்லம்மா?”

“இந்த மாடல் தெரியாது சார். படிச்சி பாத்துக்கறேன்.”

மேனேஜர் சார் முகம் சுருங்கிப்போனது. எனக்கும்தான். சேர்ந்த அன்றைக்கே இப்படிச் சொல்கிற ஆளை யார் வேலைக்கு எடுத்தது என்று நினைத்துக்கொண்டேன். ‘தெரியாது’ என்று சொல்லும்போது எல்லோருக்கும் குரல் கொஞ்சம் இறங்கும் இல்லையா, அவருக்கு இறங்காது. ‘சாப்ட்டியா’ என்று கேட்கிற அதே குரல்தான். தலை நிமிர்ந்தே இருக்கும்.

அவருக்கு முன்னால் இருந்தவர் நெட் போனால், “அஞ்சு நிமிஷம் டாக்டர்” என்பார். காலையில் சொன்ன அஞ்சு நிமிஷம் மத்தியானம் வரைக்கும் ஓடும். ரத்த டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றோடு வந்தவர்கள் பெஞ்சிலேயே சாய்ந்து கிடப்பார்கள். அக்கா வந்த பிறகு முதல் தடவை நெட் போனபோது டாக்டர் கேட்டார், எப்போது வரும் என்று.

“தெரியாது டாக்டர். கம்பெனிக்காரங்கள கேட்டுக்கினு கீறேன். சொன்னதும் ஓடியாந்து சொல்றேன்.”

டாக்டர் அன்றைக்குக் கத்தினார். அடுத்தடுத்த தடவைகளில் கத்துவதை விட்டுவிட்டார். ‘தெரியாது’ என்று அக்கா சொன்னால் நோயாளிகளைக் கூப்பிட்டு, நாஷ்டா சாப்பிட்டுவிட்டு நாளைக்கு வரச் சொல்லி அனுப்புவார். ‘பத்து மணிக்கு வந்துடும்’ என்று சொன்னால் உட்காரச் சொல்வார். அது அப்படியே நடக்கும்.

ஒரு நாள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். வெளியூர்க்காரர் ஒருத்தர் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மண்டபத்துக்கு வழி கேட்டார். எங்கள் பக்கத்தில் வழி கேட்டால் தெரிகிறதோ இல்லையோ, ஏதாவது ஒரு பக்கம் கையை நீட்டிவிடுவார்கள். நானே நீட்டப் பார்த்தேன். அக்கா, “தெரியாதுங்க, நில்லுங்க” என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார். அவர்களுக்கும் சரியாகத் தெரியவில்லை. அங்கிருந்து பூக்கடை. பூக்கடையில் விசாரித்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் எங்கள் பஸ் கிளம்பிப் போய்விட்டது. அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

“ஏன்க்கா இப்டி?” என்று கேட்டேன். அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறை எப்போதும் பூட்டியே இருக்கும். காலேஜில் முதல் நாள் லேபில், “எல்லாருக்கும் ஆன் பண்ணத் தெரியும் இல்ல?” என்று சார் கேட்டிருக்கிறார். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்காவும் ஆட்டினார்.

“கிளாஸ் முடியற வரைக்கும் கருப்பு ஸ்கிரீன பாத்துக்கினு குந்தினு இருந்தேன்மே. பக்கத்துல இருந்தவ தட்டு தட்டுன்னு தட்டிக்கினு கீறா. சுவிட்சு எங்க கீதுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா முடிஞ்சி இருக்கும். அன்னிக்கி தலையாட்டனதோட சரி.”

சொல்லிவிட்டு இரைந்து சிரித்தார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

சர்வரில் மஞ்சள் விளக்கு எரிந்ததை முதலில் பார்த்தது நான்தான். அதில் நான்கு டிஸ்க்குகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. எப்போதும் பச்சையாக மினுக்கும். அன்றைக்குக் காலையில் மூன்றாவதில் மட்டும் மஞ்சள். அக்காவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார், தன் கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தார், மேனேஜர் சாரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“நாலு டிஸ்க்குல ஒண்ணு செத்துட்சி சார். படம் எதுவும் போவல. ஒண்ணு போனாலும் மீதி மூணும் தாங்கிக்கிற மாதிரிதான் வச்சி கீது. ஆனா இன்னொண்ணு போச்சின்னா எல்லா படமும் போயிடும்.”

“சரி, பாய் கடையில அதே சைஸ்ல ஒண்ணு வாங்கிப் போட்டுடும்மா. இன்னிக்கே முடிச்சிடு.”

“எது போட்டா ஒத்துக்கும்னு தெரியாது சார். விசாரிச்சிட்டு சொல்றேன்.”

மேனேஜர் சார் நல்ல மனுஷர்தான். ஆனால் பத்து வேலை அவர் தலையில். “டிஸ்க்கு டிஸ்க்குதானேம்மா” என்றார்.

சாயங்காலம் பஜாரில் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடை வைத்திருக்கிற பாய் எங்களுக்கு வெகு நாள் பழக்கம். பிரிண்டர் மையிலிருந்து வயர் வரைக்கும் அங்கேதான். செத்துப்போன டிஸ்க்கைக் கழற்றி, துணியில் சுற்றி, அக்கா கைப்பையில் எடுத்து வந்திருந்தார். கண்ணாடி மேஜைமேல் வைத்தார். பாய் உள்ளேயிருந்து மூன்று டிஸ்க்குகளைக் கொண்டுவந்து பக்கத்தில் அடுக்கினார். எனக்கு நான்கும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அதே நீளம், அதே அகலம், அதே கொள்ளளவு அச்சடித்திருந்தது.

“எத வோணா எடுத்துக்கம்மா. எல்லாம் உள்ள போவும்” என்றார் பாய்.

“உள்ள போவும் பாய். போட்டா ஒத்துக்குமா?”

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். “அது தெரியாதும்மா” என்றார்.

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப வாங்க, ரெண்டு பேரும் சேந்து பாப்போம்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்கள். முதல் டிஸ்க் உடனே தள்ளுபடி. அது செருகுகிற வாய் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் நடுவில் ஒரு வெட்டு இருந்தது, எங்களுடையதில் அந்த இடம் மூடியிருந்தது. “இது ரெண்டும் பேசற பாஷையே வேற” என்றார் பாய். இரண்டாவது, தெருவில் மாட்டுகிற கேமராவுக்காகச் செய்தது. எழுதிக்கொண்டே போகும், நாலு பேர் ஒரே நேரத்தில் படம் கேட்டால் திணறும். மூன்றாவது எல்லாவற்றிலும் பொருந்தியது. வேகம் சரி, வாய் சரி. எழுந்துவிடலாம் என்று நான் பையைத் தோளில் மாட்டினேன்.

அக்கா இன்னும் குனிந்தே இருந்தார். சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நீளமான எண். டிஸ்க்கில் மொத்தம் எத்தனை கட்டம் என்று சொல்கிற எண்ணாம். பழைய டிஸ்க்கில் இருந்ததோடு ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து ஒப்பிட்டார். கடைசியில் நிமிர்ந்தார்.

“பாய், மேல போட்டு கீற அளவு ரெண்டுலயும் ஒண்ணுதான். ஆனா உள்ள இது ஒரு துளி கம்மி.”

“ஒரு துளிதானம்மா?”

“ஒரு துளி கம்மின்னாலும் வோணாம்னு தள்ளிடும்னு நெனைக்கிறேன். நிச்சயமா தெரியாது. சர்வர் கம்பெனிக்கு எழுதி கேக்கறேன். எது எது ஒத்துக்கும்னு அவங்க சொல்லட்டும். அதுவரைக்கும் இத்த விக்காம வையுங்க.”

வெறுங்கையோடு திரும்பினோம். மேனேஜர் சாருக்குக் கோபம். “ஒரு டிஸ்க் வாங்க ஒரு வாரமா? நீ செய்யறது பேஜாரா இருக்கும்மா” என்றார். அக்கா தலையைக் குனியவில்லை.

“பேஜார்தான் சார். பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்கல. இருக்கற படத்த எல்லாம் வேற ஒரு டிஸ்க்கு பெட்டிக்கி காப்பி எடுத்துடறேன். அப்பறம் டிஸ்க்க மாத்தலாம். காப்பி ஓடறப்ப படம் தொறக்க லேட் ஆவும். டாக்டர் திட்டுவாரு. என்ன கைகாட்டுங்க, நான் வாங்கிக்கறேன்.”

கணக்கும் டாக்டர் எழுதும் ரிப்போர்ட்டும் தினமும் இன்னொரு கம்ப்யூட்டரில் சேர்ந்துவிடும். படங்கள் பெரியவை என்பதால் அவற்றுக்கு அந்த ஏற்பாடு இல்லை. வந்த நாளிலிருந்து அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார், தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இப்போது மேனேஜர் சார் பெட்டி வாங்கக் கையெழுத்துப் போட்டார்.

காப்பி ஓட ஆரம்பித்தது. படம் திறக்க நேரமானது. டாக்டர் திட்டினார். அக்கா வாங்கிக்கொண்டார். பாதிக்கு மேல் போனபிறகு ஒரு நாள் மத்தியானம், நான் ஒரு குழந்தையின் கையைத் தட்டில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, “ஐயோ” என்று பக்கத்து அறையிலிருந்து அக்கா குரல் கேட்டது. குழந்தையை அனுப்பிவிட்டு எட்டிப் பார்த்தேன். திரையில் வரிசையாகச் சிவப்பு எழுத்துகள்.

பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்த இன்னொரு டிஸ்க்கும் உள்ளுக்குள் கெட்டுப்போயிருந்தது. சில இடங்களைப் படிக்கவே முடியவில்லை. அந்த இடங்களில் இருந்த படங்கள் மட்டும் வரவில்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது.

மேனேஜர் சார் வந்தார். அக்கா விவரம் சொன்னார். அன்றைக்கே பாய் கடையிலிருந்து ஒன்றை வாங்கிப் போட்டு, சர்வரும் ஒத்துக்கொண்டிருந்தால், அதை நிரப்ப மீதி மூன்றையும் ஓர் இடம் விடாமல் படித்திருக்கும். கெட்ட இடத்தில் மாட்டி, இரண்டாவதும் கழன்றிருக்கும். மொத்தப் படமும் போயிருக்கும். இதைக் கேட்டு மேனேஜர் சார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இது தெரிஞ்சிதான் காப்பி எடுத்தியாம்மா? பெரிய ஆளும்மா நீ.”

“இல்ல சார். ரெண்டாவது கெட்டுப்போயி இருந்தது எனக்கு தெரியாது. எதுவும் தெரியலயேன்னுதான் காப்பி எடுத்தேன்.”

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். நான் நிச்சயம் வாங்கியிருப்பேன்.

சர்வர் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. எங்களுடைய பழைய மாடல் இப்போது செய்வதில்லையாம். ஒத்துக்கொள்கிற வேறு மாடல்களைச் சொல்லியிருந்தார்கள். ஒரு துளி குறைவாக இருந்தாலும் சர்வர் ஏற்காது என்பதும் அதில் இருந்தது. பாய் சென்னைக்குப் போன் மேல் போன் போட்டு, அந்த வகையில் இரண்டு வரவழைத்தார். இந்தத் தடவை அக்கா எண்ணை ஒப்பிடுவதற்கு முன்னால் பாயே ஒப்பிட்டு வைத்திருந்தார். அக்கா டிஸ்க்குகளை மாற்றி, எல்லாவற்றையும் புதிதாக அடுக்கி, பெட்டியிலிருந்த படங்களைத் திரும்ப ஏற்றினார். நான்கு விளக்கும் பச்சையானது. ஆஸ்பத்திரியே அத்தோடு அதை மறந்துவிட்டது.

அக்கா மறக்கவில்லை. வராமல் போன படங்கள் யார் யாருடையவை என்று பார்த்து எழுதி எடுத்தார். எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்றார்.

“நாமளே எதுக்கும்மா போய்ச் சொல்லணும்? யாராவது வந்து கேட்டா சொல்லிக்கலாம்” என்றார் மேனேஜர் சார்.

“வந்து கேக்கற அன்னிக்கி அவங்களுக்கு அது கட்டாயம் வோணும்னு இருக்கும் சார். அன்னிக்கி போயி இல்லன்னு சொன்னா அவங்க இன்னா பண்ணுவாங்க?”

போன் எடுத்தவர்களுக்குப் போனில் சொன்னார். எடுக்காதவர்கள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனோம். பெரும்பாலானவர்களுக்கு எதற்கு வந்திருக்கிறோம் என்றே புரியவில்லை. ஐயங்கார்குளத்தில் ஒரு அம்மா, “பழைய படந்தானே, போனா போவுது. காலு நல்லாயிட்சி” என்று நடந்தே காட்டி, மோர் கொடுத்து அனுப்பினார்.

திருமுக்கூடலில் ஒரு கொத்தனார் இருந்தார், மேஸ்திரி என்றுதான் ஊரில் கூப்பிட்டார்கள். வேலைக்குப் போகும்போது வேன் மோதி வலது கை முறிந்து, அன்றைக்கு எங்களிடம்தான் முதலில் கொண்டுவந்தார்கள். படம் எடுத்தது நான். அக்கா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

“இன்னாமா சொல்ற? என்கிட்ட குடுத்த படம் மழையில ஒழுகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு போச்சி. கோர்ட்டுல நஷ்டஈடு கேஸ் நடந்துக்கினு கீது. ஆஸ்பத்திரில கீதுன்னு வக்கீலுக்கு சொல்லி வச்சி கீறேன். இப்ப வந்து இல்லன்ற?”

அவர் மனைவி அழ ஆரம்பித்தார். வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடிவிட்டார்கள். நான் அக்கா கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை.

“எங்க தப்புங்க. டாக்டர் எழுதன ரிப்போர்ட்டு பத்திரமா கீது. அத்த தர்றேன். படம் எங்ககிட்ட இருந்துச்சி, எங்க டிஸ்க்குல போச்சின்னு நானே கோர்ட்டுக்கு வந்து சொல்றேன்.”

“நீ சொன்னா ஒத்துக்குவாங்களா?”

“தெரியாதுங்க. ஆனா வர்றேன்.”

அவர் கையை ஓங்கினார், அடிக்க அல்ல, போ என்று சொல்ல. அந்தக் கை தோளுக்கு மேல் ஏறவில்லை.

கேஸ் வந்த அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் காஞ்சிபுரம் போனோம். என்னையும் கூட வரச் சொன்னது அக்கா. படம் எடுத்தவள் தேவைப்பட்டால் பக்கத்தில் இருக்கட்டும் என்று. என்னை யாரும் கூப்பிடவில்லை. காலையிலிருந்து காத்திருந்து, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா கூண்டில் ஏறி நின்றார். நான் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தேன். வேன் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் பெரிய ஆள் போல. அவர் குரலுக்கு அந்த அறையே போதவில்லை.

“எலும்பு எவ்வளவு முறிஞ்சிருந்தது? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார். நான் டாக்டர் இல்ல. ரிப்போர்ட்டுல எழுதி கீறத அவருதான் சொல்லணும்.”

“படம் எங்க?”

“எங்க சர்வர்ல டிஸ்க்கு கெட்டுப்போயி அழிஞ்சிட்சி.”

“அப்ப உங்க ஆஸ்பத்திரி ரெக்கார்டு எதையுமே நம்ப முடியாதுன்னு சொல்லலாமா?”

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா யோசிக்கவே இல்லை.

“எந்தெந்த படம் போச்சின்னு எழுதி எடுத்துக்கினு வந்து கீறேன் சார், நீங்க பாக்கலாம். படம் போனவங்களுக்கெல்லாம் நானே சொல்லிட்டேன். இவங்களுக்கும் அப்டித்தான் சொன்னேன், இவங்க வந்து கேக்கறதுக்கு முன்னாடியே. ரிப்போர்ட்டு வேற கம்ப்யூட்டர்ல இருந்துச்சி, அதுல ஒரு எழுத்து போவல. போனது எதுன்னு சொல்றேன் இல்ல சார், அதே வாயாலதான் இருக்கறது எதுன்னும் சொல்றேன்.”

ஜட்ஜ் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தக் காகிதத்தை வாங்கிக் கேஸோடு சேர்க்கச் சொன்னார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு வர வெகு நாளானது. டாக்டரும் போய்ச் சாட்சி சொன்னார். ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்டார்கள், மேஸ்திரி பக்கம்தான் முடிந்தது. அதற்குள் அக்காவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாக சர்வர் நிற்கிற இடமாம். போன் செய்தால் பாதி நேரம் எடுக்கமாட்டார், எடுத்தால் வைக்கமாட்டார். பத்தில் ஒரு பங்குகூட இன்னும் தெரியவில்லை என்று சந்தோஷமாகச் சொல்வார்.

ஆனாலும் அவரை நினைத்தால் எனக்குக் கோர்ட்டுக்குப் போன அந்த மத்தியானம்தான் நினைவுக்கு வருகிறது. கோர்ட்டுக்கு வெளியே மேஸ்திரி எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். நன்றி என்றெல்லாம் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. டீக்கடையில் பன் வாங்கி, காகிதத்தில் சுற்றி, இடது கையால் அக்காவிடம் நீட்டினார். “ஒண்ணும் துன்னாம நின்னுக்கினு இருந்தியே” என்றார். அக்கா வாங்கிக்கொண்டார். ஸ்கூட்டரிடம் வந்ததும் சாவியை என் கையில் திணித்தார்.

“நீ ஓட்டுமே.”

“ஏன்க்கா?”

கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன.

நான் ஓட்டினேன். பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்துக் கேட்டேன்.

“பயந்துட்டியாக்கா?”

“உசுரே போயிட்சிமே” என்றார். பிறகு காகிதம் பிரிக்கிற சத்தம் கேட்டது. வாய் நிறைய பன்னோடு அவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வண்டி லேசாக ஆடியது. “ரோட்ட பாத்து ஓட்டு” என்று கத்திக்கொண்டே இன்னும் சிரித்தார். பாலம் முடிகிற வரை பன் தூள் என் தோளெல்லாம் கொட்டிக்கொண்டே வந்தது.